வாப்பா ஏன் வேண்டாம் என்கிறார்

சாய்ந்தமருது,
வியாழக்கிழமை, அஸர் தொழுத பிறகு.

கண்ணான மகன் றிப்கானுக்கு உம்மாவின் ஸலாம். கத்தாரின் இந்த வெயில் காலத்தில் அல்லாஹ் உன்னையும் உன் பஸ்ஸில் ஏறி இறங்குகிற எல்லாரையும் காப்பாற்ற வேண்டும்.

கையில் போன் இருக்க உம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று கதைத்தாலும் வாப்பாவின் அறைக்குக் கேட்கும். வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பினால் நீ கூட்டாளிமார் இருக்கும் அறையில் வைத்துக் கேட்பாய். இது அப்படிக் கேட்கிற விஷயமில்லை. எதிர்வீட்டு பாஹிம் சனிக்கிழமை டோகா போகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன். தனியாக இருந்து வாசி.

இங்கே கச்சான் காற்று அடித்து உடம்பெல்லாம் எரிகிறது. கிணற்றுத் தண்ணீர் கீழே போய் விட்டது. நிந்தவூரில் உன் தங்கச்சி நஜ்லா சுகம். அவளுடைய சின்ன மகன் சுவரைப் பிடித்து நடக்கிறான். மூத்தவள் பஹ்மிதாவுக்கு வாய் ஓய்வதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உடுக்க நீ அனுப்பிய சாறனை வாப்பா இன்னும் பிரிக்கவில்லை. உன் மேல் கோபம் என்று நினைக்காதே. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நீ கதைத்ததைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒபரேஷன் செய்யுங்கள் என்று நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். அந்த இரண்டு வீடியோவையும் நல்லதுக்குத்தான் அனுப்பினாய். ஆனால் "வெட்கத்துக்காகச் சாகப் போறீங்களா வாப்பா?" என்று கேட்டாய் பார், அதோடு வாப்பா போனை என் கையில் தந்து விட்டு அறைக்குள் போனவர்தான். அன்றிலிருந்து போன் அடித்தால் எழுந்து கொல்லைப் பக்கம் போய் விடுகிறார். நீ எடுக்கிற நேரமெல்லாம் வாப்பா தூங்குகிறார் என்று நான் சொன்னது அதனால்தான்.

நீ வாப்பாவைக் கடைசியாகப் பார்த்தது முதுகு ஒபரேஷன் முடிந்து பொல்லுப் பிடித்து நடக்கத் தொடங்கிய நேரம். அதைப் பார்த்து விட்டுச் சந்தோஷமாகத்தான் பிளேன் ஏறினாய். ஊரும் அதைத்தான் பார்க்கிறது. கடைத்தெருவில் யாரைக் கண்டாலும், "மக்கீன் காக்கா நல்லா நடக்கிறாரே, அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார்கள். ஓம், நடக்கிறார். ஆனால் முதுகெலும்பில் நசுங்கிய நரம்பு காலுக்கு மட்டும் போகிற நரம்பில்லை மகன். சிறுநீருக்கும் மலத்துக்கும் போகிற நரம்பும் அதுதான். இடுப்புக்குக் கீழே இரண்டு தொடைக்கும் நடுவில் அவருக்கு உணர்வே இல்லை. நீயும் நானும் அவசரம் வந்தால் அடக்குகிறோம், ஓடுகிறோம். அவருக்கு அவசரம் என்றே ஒன்று வருவதில்லை. போய் விட்டது என்பதும் தெரியாது. சாறனைப் பார்த்தோ, நாற்றத்தை வைத்தோ, என் முகத்தைப் பார்த்தோதான் தெரிந்துகொள்கிறார். என் முகத்தைக் காட்டாமலிருக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

கல்முனையிலிருந்து கொழும்புக்கு இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய மனிசன் இப்போது நிந்தவூரில் மகள் வீட்டுக்குப் போகப் பயப்படுகிறார். ஆட்டோவில் கொஞ்சத் தூரம்தான். அதற்கும் பேம்பர்ஸ், மாற்றுச் சாறன், பொலித்தீன் பை எல்லாம் கட்டிக்கொண்டு புறப்பட்டு, வாசலில் நின்று விட்டு, "நீ போய்ட்டு வா நபீஸா" என்று திரும்பி விடுவார்.

சிறுநீருக்கு ஒரு வழி முதலிலேயே சொல்லித் தந்தார்கள். மெல்லிய குழாயைத் தானே உள்ளே விட்டு, ஒரு நாளைக்கு நாலைந்து முறை முழுவதையும் எடுத்து விட வேண்டும். சிறுநீரகத்துக்கு அதுதான் நல்லது, ஒழுங்காகச் செய்தால் வேறொன்றும் வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். வாப்பா கொஞ்சக் காலம் ஒழுங்காகச் செய்தார். ஆனால் அதற்குக் கை கழுவி, சுத்தமான இடத்தில் ஆறுதலாக இருந்து செய்ய வேண்டும். வெளியே எங்கே அப்படி ஒரு இடம் இருக்கிறது? கிருமி பிடித்துக் காய்ச்சல் வந்தது. ஒரு தடவை இரத்தம் வந்தது. பயந்து, இடைவெளியைக் கூட்டிக் கூட்டி விட்டு, கடைசியில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து விட்டார். குடித்தால்தானே வரும் என்று கணக்குப் போட்டார் போல.

பிறகு நோன்பு பிடிக்கத் தொடங்கினார். திங்களும் வியாழனும் சுன்னத்தான நோன்பு. பள்ளிவாசலில் எல்லாரும் புகழ்ந்தார்கள். நோயாளி மனிசன் இப்படிப் பிடிக்கிறார், நமக்கென்ன கேடு என்று வாலிபப் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டினார்களாம். நானும் பெருமைப்பட்டேன் மகன். பிறகுதான் கவனித்தேன். சஹருக்கு எழும்புவார், நான் வைத்த சோற்றைத் தொட மாட்டார். நோன்பு திறந்தும் இரண்டு பேரீச்சம்பழம், அரைக் கோப்பை கஞ்சி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக வேண்டுமானால் வியாழக்கிழமை வயிறு காலியாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் பிடித்தார். ஊர் அதை ஈமான் என்றது. அதுவும் ஈமான்தானோ என்னவோ, எனக்கு அந்த அளவுக்கு மார்க்கம் தெரியாது.

அப்படி வயிற்றைக் காயப்போட்டுப் போயும் ஒரு வெள்ளிக்கிழமை நடந்து விட்டது. சுஜூதிலிருந்து எழும்பும்போது வாப்பாவுக்குத் தெரியவில்லை. ஸலாம் கொடுத்த பிறகுதான் விரிப்பில் கண்டிருக்கிறார். பக்கத்தில் தொழுதது அவருடைய கூட்டாளி மஜீட்.  மஜீட் காக்கா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இடத்தில் போட்டு, அதன் மேல் தான் இருந்துகொண்டாராம். சனம் கலைந்த பிறகு வாளியில் தண்ணீர் அள்ளிக் கழுவி விட்டு, வாப்பாவை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டார். வேறு ஒரு ஆளுக்கும் தெரியாது.

அன்றோடு வாப்பா பள்ளிக்குப் போவதை விட்டார். பெருநாள் தொழுகைக்கும் போகவில்லை. உன் சாறன் பிரிக்காமல் கிடப்பது அதனால்தான். மஜீட் காக்கா எத்தனையோ தரம் வந்து பார்த்தார். வாப்பா அறையை விட்டு வெளியே வரவில்லை. ஏச்சு விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த மனிசன் கையால் கழுவியதைத்தான் தாங்க முடியவில்லை.

இதற்கிடையில் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கிறது. சிறுநீர் முழுதாக வெளியேறாமல் மேலே திரும்பித் தள்ளுகிறதாம். இனித் தள்ளிப் போட முடியாது, ஒரு முடிவு எடுங்கள் என்று டொக்டர் சொன்னார். நீ முதலில் அனுப்பிய வீடியோவை நான் அவரிடம் காட்டினேன். முதுகில் சின்ன மெஷின் வைத்து நரம்பை முடுக்குகிறது. அவர் பொறுமையாகப் பார்த்தார். அது நரம்பு கொஞ்சமாவது வேலை செய்கிறவர்களுக்கு, வாப்பாவுக்கு நசுங்கிப் போன நரம்பு, வெளிநாடு போய் வைத்தாலும் பலன் தரும் என்று தான் சொல்ல மாட்டேன் என்றார். இடுப்புத் தசையை இறுக்கிப் பழகுகிற பயிற்சியும் அப்படித்தானாம். தசைக்குச் செய்தி கொண்டுபோக நரம்பு வேண்டுமே.

ஆகவே மிச்சம் இருப்பது இவ்வளவுதான். சிறுநீருக்கு, பழையபடி குழாயைத் தானே ஒழுங்காக விடலாம். இல்லாவிட்டால் தொப்புளுக்குக் கீழே சின்னத் துளை போட்டு நிரந்தரமாக ஒரு குழாய் வைக்கலாம், பை காலில் கட்டியிருக்கும். அதை அடிக்கடி போய் மாற்ற வேண்டும், கிருமிப் பயமும் முழுதாகப் போகாது, ஆனால் சிறுநீரகம் பிழைக்கும். மலத்துக்கு, தினமும் ஒரே நேரத்தில் மருந்து வைத்தோ தண்ணீர் ஏற்றியோ குடலைக் காலி செய்து பார்க்கலாம். சில பேருக்கு அதுவே போதுமாம், சில பேருக்குப் பாதிதான் சரிவருமாம். அதுவும் சரிவராவிட்டால் நீ சொன்ன அந்த ஒபரேஷன். குடலை வயிற்றின் பக்கத்தால் வெளியே எடுத்துப் பை ஒட்டுவது.

டொக்டர் எல்லாம் சொல்லி முடிய, கேட்க ஏதும் உண்டா என்று வாப்பாவைப் பார்த்தார். எதில் வலி குறைவு, எதில் ஆபத்துக் குறைவு என்று கேட்பார் என நான் நினைத்தேன். வாப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எதோட பள்ளிக்குப் போகலாம்?"  அதை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள் என்றார் டொக்டர்.

மௌலவியை வீட்டுக்கே கூப்பிட்டேன். அவர் நல்லபடியாகச் சொன்னார். அடக்க முடியாத நோயாளி ஒவ்வொரு வக்துக்கும் நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து வுழூ எடுத்துத் தொழுதால் தொழுகை கூடும், பை இருந்தாலும் கூடும், கசியாமல் பார்த்துக்கொண்டால் பள்ளிக்கும் வரலாம், வர ஏலாவிட்டால் வீட்டில் தொழுவதற்கும் கூலி உண்டு என்றார். வாப்பா தலையாட்டிக் கேட்டார். அவர் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சட்டம் சரி நபீஸா. பக்கத்தில நிக்கிற ஆளுட மூக்குக்கு ஆரு பத்வா குடுக்கிற?"

கிளினிக்கில் ஒரு மனிசியைக் கண்டோம். பாண்டிருப்பு ஆள், எங்களை விட மூத்தவ, பெயர் செல்லத்தங்கம், தையல் வேலை செய்கிறவ. குடலில் புற்றுநோய் வந்து பல வருஷமாகப் பையோடு இருக்கிறா. தாதி சொல்லித்தான் வாப்பாவோடு கதைக்க வந்தா. ஒரு பொம்பிளை வந்து இதைக் கதைக்கிறாளே என்று வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எழும்பிப் போகவில்லை. அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் பொய் சொல்ல மாட்டன் தம்பி. முதல்ல செத்திருக்கலாம் எண்டுதான் நினைச்சன். பை கழண்டிரிக்கி, தோல் புண்ணாகியிரிக்கி. இப்ப சந்தைக்குப் போறன், கோயில் திருவிழாவுக்கும் போறன். ஆனா குளிக்கக்குள்ள என்ட வயித்த நான் இன்னும் குனிஞ்சு பாக்கிறல்ல."

நீ அனுப்பிய மற்ற வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் பையோடு கடலில் நீந்துகிறான். வாப்பா அதைப் பார்த்தார். செல்லத்தங்கம் சொன்னதைத்தான் நம்பினார். வீட்டுக்கு வந்து, சிறுநீர்க் குழாயைத் திரும்பவும் ஒழுங்காகச் செய்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், மலத்துக்கு மருந்து வைத்துப் பார்க்கிறேன், வயிற்றில் மட்டும் கத்தி வைக்க வேண்டாம் என்றார். நான் ஓம் என்றேன். அது பிழையோ சரியோ தெரியாது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவர் தானாகச் சொன்ன ஒரு முடிவு, அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

மகன், இனிமேல் போன் எடுத்தால் இதைக் கேட்காதே. கத்தாரில் ரோட்டு எப்படி, உன் பஸ்ஸுக்கு என்ன எஞ்சின், அங்கே வலப்பக்கமாக ஓட்டுவது எப்படிப் பழகினாய் என்று கதை. ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுத் தந்த மனிசன் அவர். அதைக் கேட்டால் வருவார். மஹ்ஷரில் எல்லாரும் தலை குனிகிற நாளில் அல்லாஹ் வாப்பாவைத் தலை குனிய வைக்காமலிருக்க துஆக் கேள்.

உன் உம்மா
நபீஸா


நிந்தவூர், நஜ்லா வீட்டிலிருந்து.
ஞாயிற்றுக்கிழமை, காலை.

அன்பு மகனுக்கு ஸலாம். உன்னையும் உன் உழைப்பின் ரிஸ்கையும் ரப்பு பரக்கத்தாக்கி வைக்கட்டும். வாப்பாவுக்குத் துணையாக மருமகனை வீட்டில் இருத்தி விட்டு, ஆறுதலாக எழுத நான் நஜ்லாவிடம் வந்திருக்கிறேன்.

முதல் கடிதம் கிடைத்த பிறகு நீ வாப்பாவோடு எஞ்சின் பற்றிக் கதைத்தது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது. போனை வைத்த பிறகும் அவர் கையால் கியர் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கிழமை இரண்டு நேரமும் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ அரைகுறையாகத்தான் அறிவாய். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரி வாட்டில் வைத்தார்கள் என்று சொன்னேன். நடுக்கமும் பிதற்றலுமாக இருந்தார் என்பதைச் சொல்லவில்லை. கிருமி இரத்தத்தில் ஏறி விட்டது. சிறுநீரகம் இரண்டும் முன்னைப் போல இல்லை. அங்கேயே தொப்புளுக்குக் கீழே குழாய் வைத்து விட்டார்கள். வாப்பா கையெழுத்துப் போட்டார். காலில் பை கட்டியிருக்கிறது, சாறன் மறைத்து விடுகிறது. சிறுநீர் கசிவது நின்று விட்டது. பேம்பர்ஸும் கொஞ்சம் குறைந்தது. அதனால் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மற்றதும் இப்படிச் சரிவரும் என்று நினைத்தேன்.

வாப்பா காலையில் தேத்தண்ணி குடித்து விட்டு, மருந்து வைத்து, கொமட்டில் ஆறுதலாக இருப்பார். சில நாள் முழுதாகப் போகும். அன்றைக்கு வெளி விறாந்தையில் கதிரை போட்டுப் பேப்பர் வாசிப்பார். சில நாள் ஒன்றும் வராது. வராத நாளில் பகல் முழுக்க இருவரும் பயந்துகொண்டே இருப்போம். வயிறு கட்டினால் மருந்து, இளகினால் வேறு மருந்து. நல்ல நாள் எது, கெட்ட நாள் எது என்று முன்கூட்டித் தெரிந்தால் மனிசன் வாழ்ந்து விடலாம். அது தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை இங்கே நஜ்லா வீட்டில் குர்ஆன் கத்தம் ஓதினார்கள். காலையில் நன்றாகப் போய் விட்டது என்று வாப்பாவே புறப்பட்டார். நீ அனுப்பிய சாறனைப் பிரித்து உடுத்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு வீட்டுக்குப் போகிறார். ஆட்டோவில் ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எல்லாரும் சுற்றி இருந்தார்கள். பஹ்மிதா ஓடி வந்து மடியில் ஏறினாள். கதை கேட்டாள், தாடியைப் பிடித்து இழுத்தாள், வாப்பாவும் விட்டுக் கொடுத்து விளையாடினார். சாப்பாடு முடிந்த நேரம், பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு மடியிலிருந்து இறங்கினாள். மூத்தாப்பாவில் மணக்கிறது என்று உரக்கச் சொன்னாள். நஜ்லா ஓடி வந்து பிள்ளைக்கு அடித்து விட்டாள். வாப்பா நஜ்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ளைக்கு அடிக்காத மகள். அவள் உள்ளதத்தான் சொன்னாள்."

இருந்தவர்கள் எல்லாரும் வேறு கதைக்குப் போனார்கள். மருமகன் வாப்பாவைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வெளியே வந்தபோது மருமகனின் சாறனை உடுத்திருந்தார். உன்னுடையது வாளிக்குள் கிடந்தது.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். நிந்தவூர் தாண்டிக் காரைதீவு முச்சந்திக்கு வந்த நேரம், ரோட்டைப் பார்த்தபடியே, "அந்த ஒபரேஷனச் செய்யச் சொல்லு" என்றார். யோசித்துச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். யோசிக்கிற காலமெல்லாம் முடிந்து விட்டது, அந்தப் பிள்ளை இன்னொரு தரம் மூக்கைப் பொத்துவதைப் பார்க்க ஏலாது என்றார்.

நீ விரும்பியது இதுதான். ஆனால் நீ நினைத்த மாதிரி, விளங்கிக்கொண்டு, மனம் தேறி அவர் சம்மதிக்கவில்லை மகன். தோற்றுத்தான் சம்மதித்தார். எனக்கும் சந்தோஷப்பட முடியவில்லை.

டொக்டரிடம் போனோம். சிறுநீரகம் பழுதாகியிருப்பதால் மயக்க மருந்து கொடுப்பது முன்பைப் போல லேசில்லை என்றார். தொடக்கத்திலேயே செய்திருந்தால் என்று ஒரு சொல் சொல்லத் தொடங்கி, வாப்பாவின் முகத்தைப் பார்த்து விட்டு நிறுத்திக்கொண்டார். உடம்பைக் கொஞ்சம் தேற்றி, வருகிற மாதம் முதல் கிழமையில் செய்வோம் என்றிருக்கிறார். வயிற்றில் எந்த இடத்தில் பை வரும் என்று தாதி பேனையால் வட்டம் போட்டுக் காட்டினா. செல்லத்தங்கம் அக்காவுக்கும் சொல்லி விட்டேன். பைக்கு மேலால் போடத் துணியில் உறை தைத்துத் தருவதாகச் சொன்னா. வாப்பாவுக்கு வெள்ளை நிறம் வேண்டுமாம்.

நேற்று மஜீட் காக்கா வந்தார். இந்த முறை வாப்பா வெளியே வந்து கதிரையில் இருந்தார். இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை. வெள்ளாமை வெட்டு, டீசல் என்று ஏதோ ஒன்றிரண்டு. போகும்போது வாப்பா அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தார். பிறகு எனக்கு ஏதும் ஆனால் நீதான் என்னைக் குளிப்பாட்ட வேண்டும் என்று அவரிடம் சொல்லி விட்டார். மஜீட் காக்கா ஏசி விட்டுப் போனார். வாசல் படலை வரைக்கும் போய், அங்கே நின்று கண்ணைத் துடைத்ததை நான் குசினி ஜன்னலால் பார்த்தேன்.

இறந்த பிறகு மையித்தைக் குளிப்பாட்டுகிற உரிமை பெற்ற மகனுக்குத்தான் முதலில். அது வாப்பாவுக்குத் தெரியாதா? உன்னிடம் அதைக் கேட்கக் கூடாது என்றுதான் அவரிடம் கேட்டிருக்கிறார். நான் இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நாளைக்கு நீ கேள்விப்பட்டு, வாப்பா என்னை ஒதுக்கி விட்டார் என்று நினைத்து விடக் கூடாது.

உனக்குச் சொல்லச் சொல்லி என்னிடம் ஒரு வார்த்தை தந்தார். "றிப்கானிட்டச் சொல்லு, அவன் சொன்னபடிதான் செய்றன் எண்டு." உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். நீ அதை மனதில் வேறு மாதிரிச் சுமக்காதே. நல்லபடி முடிந்தாலும் சரி, அல்லாஹ் வேறு விதமாக எழுதியிருந்தாலும் சரி, அது உன் சொல்லால் நடந்தது இல்லை. உம்மா சொல்கிறேன், கேள்.

கம்பனியில் லீவு தர மாட்டார்கள் என்று போன முறை சொன்னாய். தெரியும். ஆனாலும் கேட்டுப் பார். ஒபரேஷனுக்கு முன்னால் வந்தால் நல்லது. வந்தால் வாப்பா உன்னைக் கட்டிப்பிடிக்க விட மாட்டார். கையை நீட்டித் தூரத்தில் நிறுத்தி ஸலாம் சொல்வார். இப்போதெல்லாம் எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறார். நீ அந்தக் கையைத் தட்டி விட்டு உள்ளே போ மகன். நெஞ்சோடு நெஞ்சு சேர்த்துப் பிடி. ஏதும் மணத்தாலும் முகத்தைத் திருப்பாதே. அவர் தள்ளினாலும் விடாதே.

உன் பயணத்தை ரஹ்மான் லேசாக்கித் தரட்டும்.

வழி பார்த்திருக்கும்
உம்மா